மிஸ் எர்லீன் என்னை ஒருமுறைகூடத் திட்டவில்லை

இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, ஏழு பத்துக்கு நம் குடியிருப்பின் வாசலில் வந்து நின்ற பள்ளிப் பேருந்தை யாரோ ஓர் ஆள் ஓட்டி வந்திருந்தார். தொப்பி போட்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியாக ஏறிய நான் இடம் தேடி நடந்துகொண்டிருக்கும்போதே வண்டி நகர்ந்துவிட்டது. ஓர் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு விழாமல் நின்றேன். ஏதோ நடந்திருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. மிஸ் எர்லீன் ஓட்டும்போது ஒரு பிள்ளை நின்றுகொண்டிருந்தாலும் வண்டி நகராது. ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கை காலியாக இருந்தது. அது அவருடைய மகள் டான்யாவின் இடம்.

மாலையில் அம்மா சொன்னார். "பஸ் ஓட்டுமே அந்தம்மா, சனிக்கிழமை போயிட்டாங்களாம் கண்ணு. ரேவதி ஆன்ட்டி போன் பண்ணுனாங்க. துணி மடிச்சிட்டு இருந்தாங்களாம், அப்படியே நெஞ்சு அடைச்சிருச்சாம். நாப்பத்தஞ்சு வயசுதானாம்." அப்பா அலுவலகத்திலிருந்து வந்து ஷூவைக் கழற்றும்போது அம்மா அதையே இன்னொரு முறை சொன்னார். அப்பா ஒரு ஷூவுடன் நிமிர்ந்தார். "அடப் பாவமே" என்றார். பிறகு, "சரி, அந்த விஷயமும் இத்தோட முடிஞ்சுது" என்றார்.

அந்த விஷயம் எது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் குடியிருப்பில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். நீங்கள் அவரைப் பஸ் ஆன்ட்டி என்பீர்கள். தீபாவளிக்கு உங்களில் சிலர் அவருக்கு முறுக்கு கொடுத்தீர்கள். ஒன்றைக் கடித்துவிட்டு, "இதைச் சாப்பிடுறதுக்கு முன்னாடி பல் டாக்டர்கிட்ட சொல்லிட்டு வரணுமா?" என்று கேட்டவர், டப்பாவை மட்டும் காலியாகத் திருப்பிக் கொடுத்தார். நசீமா ஆன்ட்டியின் மகன் ஷூ லேஸ் கட்டி முடிக்கும்வரை படிக்கட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவரைப் பற்றி நம் செய்தி மடலுக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி ரேவதி ஆன்ட்டி என்னிடம் கேட்டார். ஐந்தாம் வகுப்பு வரை ஈரோட்டில் படித்ததால் இங்கே இருக்கும் பிள்ளைகளில் எனக்கு மட்டும்தான் தமிழ் எழுத வரும். அன்பானவர், நேரம் தவறாதவர் என்று நான்கு வரி எழுதி அம்மாவிடம் காட்டினேன். "இது போதும்" என்றார். நீங்கள் இப்போது படிப்பது அந்த நான்கு வரி அல்ல. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். தண்ணீர்க் குழாய் சத்தம் கேட்டால்கூடப் பயமாக இருக்கிறது. ரேவதி ஆன்ட்டி, இதை அச்சிடுவதற்கு முன் அம்மாவிடம் காட்டாதீர்கள்.

இறந்தவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் தங்கள் அன்பைப் பற்றி எழுதுகிறார்கள். என்னிடம் அன்பு இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாகப் பொறாமை இருந்தது. டான்யாமேல் பொறாமை. அம்மாவை இழந்து இரண்டு வாரமே ஆன பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்படுவது எவ்வளவு மோசம் என்று தெரியும். ஆனாலும் அது போகவில்லை.

நாங்கள் அமெரிக்காவில் இந்த ஊருக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பள்ளிக்குப் போன முதல் நாள், எண்ணெய் வைத்துப் பின்னிய இரட்டைச் சடையுடன் பேருந்தில் ஏறினேன். ஒவ்வோர் இருக்கையிலும் ஒருவர் உட்கார்ந்து, பக்கத்தில் பையை வைத்திருந்தார். யாரும் பையை எடுக்கவில்லை. நான் நடுவில் நின்றேன். மிஸ் எர்லீன் மேலே இருக்கும் நீளக் கண்ணாடியில் பார்த்தார். இன்ஜினை நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்தித்தாளை விரித்தார்.

"மெதுவா முடிவு பண்ணுங்க, பேபீஸ்" என்றார். "எனக்கு மணிக்கணக்குல சம்பளம்."

எல்லோரையும் அவர் பேபி என்றுதான் அழைப்பார். அவர் பேசிய ஆங்கிலத்தை எனக்குக் கேட்டபடி தமிழில் எழுதுகிறேன். ஐந்து நிமிடம் போனது. பின்னால் யாரோ, லேட்டாகிறது என்று கத்தினார்கள். அவர் தாளிலிருந்து தலையை எடுக்காமல், "டான்யா, உன் பை எத்தனாவது படிக்குது?" என்று கேட்டார். முதல் இருக்கையில் இருந்த பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு பையை மடியில் வைத்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. அன்றைக்கே ஒன்றைக் கவனித்தேன். பையை நகர்த்தாதவர்கள் இருபது பேர். திட்டு வாங்கியது டான்யா மட்டும்.

டான்யாவும் நானும் ஒரே வகுப்பு. அவர்கள் வீடு நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் என்பதால் சனிக்கிழமைகளில் மிஸ் எர்லீனே வந்து என்னை அழைத்துப்போவார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வோம். அவர் பின்னால் நின்று பார்ப்பார். "இது என்ன, எழுத்தா? மழையில ஓடின கோழியா? திரும்ப எழுது" என்று டான்யாவின் தாளை எடுத்துவிடுவார். என் தாளைப் பார்த்து, "ரொம்ப அழகா இருக்கு, பேபி" என்பார். என் எழுத்து டான்யாவின் எழுத்தைவிட அழகில்லை. ஒருநாள் வேண்டுமென்றே மூன்று கணக்குகளைத் தப்பாகப் போட்டேன். டான்யாவும் ஒன்றைத் தப்பாகப் போட்டிருந்தாள். அவளை எழுப்பி நிற்கவைத்து, எங்கே தப்பு, ஏன் தப்பு என்று அரைமணி நேரம் கேட்டார். எனக்கு ஒரு துண்டு கேக் வைத்தார். அந்தக் கேக்கை எவ்வளவு வெறுத்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அவருடைய சின்ன வயதுக் கதையை அந்த மேஜையில்தான் கேட்டேன். எனக்காக அதை யாரும் சொல்லவில்லை. அவருடைய தம்பி ராய் அங்கிள் சாப்பிட வந்திருந்தார். அக்காவும் தம்பியும் எதையோ பேச ஆரம்பித்து அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

அவர்கள் ஊர் கிழக்கு டெக்சாஸில், லூசியானா எல்லைக்குப் பக்கத்தில், ஒரு மர அறுவை ஆலையை நம்பியிருந்த சின்ன ஊர். கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. கறுப்பினப் பள்ளியில் ஒரு கதவில் 'விஞ்ஞான அறை' என்று எழுதியிருக்குமாம். திறந்தால் துடைப்பங்கள் இருக்குமாம். 1965இல், மிஸ் எர்லீனுக்குப் பத்து வயதாக இருந்தபோது, அரசாங்கம் நெருக்கியதால் பள்ளி நிர்வாகம் எல்லா வீடுகளுக்கும் ஒரு படிவம் அனுப்பியது. உங்கள் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதை நீங்களே எழுதலாம் என்றது அந்தப் படிவம். எழுதலாம், ஆனால் யாரும் மாற்றி எழுதக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆறு குடும்பங்கள் மாற்றி எழுதின. மிஸ் எர்லீனின் அம்மா தன் நான்கு பிள்ளைகளுக்கும் வெள்ளைக்காரர் பள்ளி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பள்ளி நிர்வாகத்திலிருந்து ஓர் ஆள் புதிய படிவமும் பேனாவும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தவறுதலாக எழுதியிருப்பீர்கள், திருத்திக்கொள்ளலாம் என்றார்.

"மூணு தடவை வந்தான் அந்த ஆளு" என்றார் மிஸ் எர்லீன்.

"ரெண்டு" என்றார் ராய் அங்கிள்.

"மூணு. மூணாவது தடவை நீ கட்டிலுக்கு அடியில கிடந்த. உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் ஒண்ணும் ஒளிஞ்சுக்கல. பூனையைத் தேடினேன்."

"நம்ம வீட்டுல பூனையே கிடையாது, ராய்."

ராய் அங்கிள் மேஜையைத் தட்டிச் சிரித்தார். மூன்று முறையும் அவர்கள் அம்மா அந்த ஆளுக்குக் காபி கொடுத்து ஒரே பதிலைச் சொன்னாராம்: "எனக்குப் படிக்கத் தெரியும் சார். படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்." மற்ற ஐந்து குடும்பங்களும் புதிய படிவத்தை வாங்கிக்கொண்டன. ஆலையில் மிஸ் எர்லீனின் அப்பாவுக்கு வேலை போனது. வீடும் ஆலைக்குச் சொந்தம் என்பதால் வீடும் போனது. மாமா வீட்டில் ஓர் அறையில் ஆறு பேர் இருந்தார்கள். இரவில் வீட்டைச் சுற்றிக் கார்கள் மெதுவாகப் போகும். அப்பா விளக்கை அணைத்துவிட்டு, மடியில் துப்பாக்கியுடன் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் கேட்டால் பல் வலி, தூக்கம் வரவில்லை என்பார்.

"ரெண்டு மாசம் பல் வலி" என்றார் ராய் அங்கிள். "அந்த மனுஷனுக்கு ஒரு பல்லுகூட ஆடல."

பிறகு பேருந்து. புதிய பள்ளிக்குப் பதினோரு மைல். இவர்கள் நான்கு பேரும் ஏறினால், ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு பிள்ளை காலைப் பரப்பிக்கொள்ளும். ஓட்டுநர் சாலையை மட்டும் பார்ப்பார். வருஷம் முழுவதும் போகவரப் பதினோரு மைல் நின்றுகொண்டே போனார்கள். நான் முதல் நாள் நின்றதும், அவர் இன்ஜினை நிறுத்தியதும் எனக்கு அப்போது புரிந்தது.

"அந்த வருஷம் முழுக்க நான் எங்கம்மாகூடச் சரியாப் பேசல" என்றார் மிஸ் எர்லீன். "என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் பழைய ஸ்கூல்ல. என்னை ஏம்மா இங்க அனுப்பினன்னு தினமும் அழுவேன். அம்மாவுக்கு எங்க பேரு அந்த ரிஜிஸ்டர்ல இருக்கணும். எனக்கு உக்கார ஒரு சீட்டு வேணும். அவ்வளவுதான்."

டான்யா சோளத்தைக் கடித்தபடி, "அம்மா, இதை இருநூறு தடவை சொல்லியாச்சு" என்றாள்.

இருநூறு தடவை கேட்டு அலுத்துப்போகும் அளவுக்கு அவளிடம் அந்தக் கதை இருந்தது. அதைப் பறித்துக்கொண்டு ஓடிவிட வேண்டும் போல எனக்கு இருந்தது.

போன வருஷக் கடைசியில், ஏழாம் வகுப்புக் கணக்குக்குத் தேர்வு வைத்தார்கள். எண்பத்தைந்துக்கு மேல் எடுத்தால் ஹானர்ஸ் என்னும் சிறப்பு வகுப்பு, இல்லையென்றால் சாதாரண வகுப்பு. இந்த வருஷம் பள்ளி திறந்த பிறகு எனக்கு ஹானர்ஸ் என்று கடிதம் வந்தது. அம்மா அந்தக் கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சமையலறை அலமாரியில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். அந்த வாரம், ஆளுக்கு ஒன்று சமைத்துக் கொண்டுவந்து சாப்பிடும் பாட்லக்கில் உங்கள் எல்லோரிடமும் எனக்குத் தொண்ணூற்றைந்து என்று சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். தயிர்ச் சாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடிதத்தில் இருந்த என் மதிப்பெண் எண்பத்தொன்று.

டான்யாவுக்கு எண்பத்தெட்டு. அவளுக்குச் சாதாரண வகுப்பு. மிஸ் எர்லீன் பள்ளிக்குப் போய்க் கேட்டபோது, வகுப்புகளைப் பிரித்துக் கொடுக்கும் ஆலோசகர், மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை என்றாராம். அங்கே டான்யாவுக்குச் சிரமம் இல்லாமல் இருக்கும் என்றாராம். அந்தச் சாதாரண வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால், பேருந்தில் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஏறுகிற கறுப்பின, மெக்சிகோ பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லோரும் இருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை டான்யா சோபாவில் படுத்து அழுதுகொண்டிருந்தாள். அவள் தலை மிஸ் எர்லீன் மடியில் இருந்தது. அவர் அவள் முடியைக் கோதிக்கொண்டே, "எழுந்திரு. அழுதுட்டு இருந்தா யாரும் சீட்டு குடுக்க மாட்டாங்க" என்று திட்டிக்கொண்டிருந்தார். திட்டும் தடவலும் ஒன்றாக. நான் எதிரில் நாற்காலியில் இருந்தேன். என்னை இரண்டு பேரும் மறந்துவிட்டிருந்தார்கள். அப்போது சொன்னேன்: "எனக்கு எண்பத்தொண்ணுதான்."

தோழிக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று சொன்னதாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அவர்கள் என் பக்கம் திரும்ப வேண்டும் என்றுதான் சொன்னேன். திரும்பினார்கள். மிஸ் எர்லீன் அப்படி என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தேவாலயத்துக்குப் போட்டிருந்த ஊதா நிற உடையுடனேயே வந்திருந்தார். பள்ளி நிர்வாகக் குழு மாதம் ஒருமுறை, இரண்டாம் திங்கட்கிழமை மாலை கூடும். அதில் பெற்றோர் பேசலாம். என் கடிதத்தின் நகலும், இது என் மதிப்பெண் என்று நான் எழுந்து சொல்லும் இரண்டு வாக்கியமும் போதும் என்றார்.

"உங்க பொண்ணு ஹானர்ஸ்ல இருந்து இறங்க வேண்டாம்" என்றார். "நான் யாரையும் இறக்கச் சொல்லல. ஏத்தச் சொல்றேன்."

அப்பா ஆங்கிலத்தில் மிகவும் மரியாதையாகப் பேசினார். "நாங்க வெளிய இருந்து வந்தவங்க, மேடம். எங்க பேப்பர்ஸ் இன்னும் முடியல. புரிஞ்சுக்கங்க."

"எங்க குடும்பம் இங்க நூத்தம்பது வருஷமா இருக்கு சார். எங்க பேப்பர்ஸும் இன்னும் முடியல" என்றார் மிஸ் எர்லீன். சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரிக்க முயன்றார்.

அம்மா காபி கொண்டுவந்தார். எங்களுக்கு எவர்சில்வர் டம்ளரில், அவருக்குக் காகிதக் கோப்பையில். அவர் முழுவதும் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவை மூடியதும் அப்பா குரலைத் தாழ்த்தினார். "கிரீன் கார்டு கைக்கு வர்ற வரைக்கும் எந்த லிஸ்ட்டுலயும் நம்ம பேரு வரக்கூடாது. யாரு மேலயாச்சும் கம்ப்ளெயின்ட் பண்ணுன ஃபேமிலின்னு ஒரு வரி எழுதிட்டான்னா? உனக்கு வெளையாட்டா இருக்குதா?"

"ஊரெல்லாம் தொண்ணூத்தஞ்சுன்னு சொல்லி வெச்சிருக்கேனுங்க" என்றார் அம்மா.

அடுத்த நாள் மாலை அம்மா சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தார். "நீங்க படிச்ச ஸ்கூல்ல இந்த மாதிரி தனித்தனியா இருந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"சேச்சே. எல்லாரும் ஒண்ணாத்தான் படிச்சோம். காலனிப் பசங்க மட்டும் கடைசியில உக்காருவாங்க."

"ஏன்?"

"அப்படித்தான் உக்காருவாங்க. தண்ணிப் பானைகிட்ட அவங்களுக்குன்னு ஒரு டம்ளர் இருக்கும். யாரும் சண்டை போட்டதில்ல."

"நீங்க எந்த டம்ளர்ல குடிப்பீங்க?"

"இதென்ன கேள்வி? நம்முளுதுலதான்."

குப்பைக் கூடையில் அந்தக் காகிதக் கோப்பை இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தார். கட்டையை உருட்டுவதை நிறுத்திவிட்டு, "சூடு கையில படாதுன்னு குடுத்தேன்" என்றார். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவே இல்லை.

என் பொறாமை அன்றைக்கு இரண்டு மடங்கானது. டான்யாவின் பாட்டி கையெழுத்துப் போட்டவர். எங்கள் வீட்டில் அப்படி ஒரு கதை இருக்குமா என்று கேட்டுப் பார்த்தால், அதே கதைதான் இருந்தது. நாங்கள் காலைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் இருந்தோம்.

ஆனாலும் நான் வருகிறேன் என்று டான்யாவிடம் சொல்லிவிட்டேன். பேசப்போகிறவர்களின் பட்டியலில் மிஸ் எர்லீன் என் பெயரை எழுதினார். டான்யாவுடன் நூலகத்தில் படிக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு அவர்களுடன் போவதாகத் திட்டம். அந்தத் திங்கட்கிழமை மாலை அவர்கள் கார் வந்து ஹாரன் அடித்தது. நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, காய்ச்சல் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னேன். அம்மா சந்தோஷமாகப் போய்ச் சொன்னார். கார் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனது.

கூட்டத்தில் டான்யா பேசினாள். குழுவினர், அவள் சொல்வதற்கு ஆதாரம் இல்லை, இருந்தால் வேறொரு கூட்டத்துக்குக் கொண்டுவரலாம் என்றார்கள்.

மறுநாள் காலை பேருந்தில் ஏறினேன். இன்றைக்காவது திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்து, "உடம்பு எப்படி இருக்கு, பேபி?" என்றார். சட்டைப் பையிலிருந்து ஓர் இருமல் மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். நான் உட்கார்ந்ததும் டான்யாவைப் பிடித்துக்கொண்டார். "பின் வரிசைக்கு உன் குரல் கேக்கல. தரையைப் பாத்துப் பேசினா தரைதான் கேக்கும். அடுத்த தடவை நிமிர்ந்து பேசு." பள்ளி வரும்வரை திட்டிக்கொண்டே வந்தார். டான்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொய் சொன்னவளுக்கு மிட்டாய், உண்மை சொன்னவளுக்குத் திட்டு. அந்த மிட்டாயை வாயில் வைத்துக்கொண்டு, டான்யாவாகப் பிறக்கவில்லையே என்று நினைத்தேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை, பள்ளியில் எல்லோரும் இறங்கும்வரை நான் இறங்கவில்லை. படிக்கட்டருகே நின்று, "நீங்க ஏன் என்னைத் திட்டவே இல்ல?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. இன்ஜினை நிறுத்தினார். "திட்டணும்னா உன்கிட்ட நான் ஏதாவது எதிர்பார்த்திருக்கணும், பேபி" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. பழைய கணக்கு ஒன்றின் விடையைச் சொல்வதுபோலச் சொன்னார். என் முகம் எப்படி மாறியதோ தெரியாது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இருக்கையோடு என் பக்கம் திரும்பினார். "எங்கம்மாவோட கையெழுத்துப் போட்ட அஞ்சு குடும்பமும் திரும்பப் போய் மாத்திக்கிட்டாங்கல்ல, அவங்க யாரையும் எங்கம்மா திட்டினதில்ல. பிள்ளைகுட்டிக்காரங்க, பயந்துட்டாங்கன்னு விட்டுட்டாங்க. அது நல்ல மனசுன்னு ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன். இப்பத் தோணுது, அது அவங்களுக்கு அவமானம். ஒரு தடவையாவது போய்க் கதவைத் தட்டிக் கேட்டிருக்கணும்." பிறகு கேட்டார்: "உன்கிட்ட எதிர்பார்க்கட்டுமா?"

மணி அடித்தது. நான் பதில் சொல்லாமல் இறங்கி ஓடிவிட்டேன். இனிமேல் சனிக்கிழமைகளில் அங்கே போக வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்ததால், திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இறுதிச் சடங்குக்கு அப்பா அழைத்துப்போகவில்லை. டான்யா போன செவ்வாய்க்கிழமைதான் பள்ளிக்கு வந்தாள். அன்று காலை அம்மா குளிக்கும்போது, முருகன் படத்துக்கு முன்னால் இருந்த கடிதத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பேருந்தில் அவளிடம் கொடுத்தேன். புதிய ஓட்டுநர் வளைவுகளில் வேகமாகத் திருப்பினார். டான்யா ஒரு கையால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு படித்தாள்.

"ஏன் மூலையெல்லாம் மஞ்சளா இருக்கு?"

"சாமிகிட்ட வெச்சிருந்தது."

"அப்போ உங்க சாமிக்கு எண்பத்தொண்ணுன்னு தெரியும்?"

"தெரியும்."

"ஊருக்குத்தான் தெரியாது" என்றாள். இரண்டு வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள் என்று நினைக்கிறேன். பிறகு அழுதாள். கடிதத்தை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நூலகத்தில் நகல் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுத்தாள். மாலையில் அது பழைய இடத்துக்குப் போய்விட்டது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அடுத்த மாதம் இரண்டாம் திங்கட்கிழமை, மாலை ஆறரை மணிக்குக் கூட்டம். ராய் அங்கிள் டான்யாவை அழைத்துவருகிறார். தாள் மட்டும் போதாது, அந்த மதிப்பெண் எடுத்தவள் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்கிறார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாவின் பேப்பர்ஸ் என்ன ஆகும் என்று உண்மையாகவே தெரியவில்லை. அவர் பயப்படுவதைக் கேலி செய்ய எனக்கு வராது. ஈரோட்டில் அவர் எதை விட்டுவிட்டு வந்தார் என்று பார்த்திருக்கிறேன்.

மிஸ் எர்லீனிடமிருந்து எனக்கு எதுவும் கிடைக்கவில்லை என்றுதான் இவ்வளவு நாளாக நினைத்திருந்தேன். அவருடைய கதை டான்யாவுக்கு. குரல் டான்யாவுக்கு. திட்டெல்லாம் டான்யாவுக்கு. எனக்கென்று அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதை அவர் டான்யாவிடம் கேட்டதில்லை, கேட்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. அது என்னுடையது. அதற்கு என் பதில், ஆமாம்.

அந்தக் கூட்டம் நடக்கும் இடம் இங்கிருந்து ஒன்பது மைல். நடந்து போக முடியாது. அப்பா அழைத்துப்போக மாட்டார். ராய் அங்கிள் வந்து ஹாரன் அடித்தால் வீட்டில் தெரிந்துவிடும். அடித்தாலும் போன தடவை மாதிரி நான் போர்வைக்குள் போய்விடுவேனோ என்று என்மேலேயே எனக்குச் சந்தேகம். எங்கள் கதவுக்கு வந்து, என் அப்பாவிடம் பேசி, என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஒரு பெரியவர் வேண்டும். மிஸ் எர்லீன் உங்கள் பிள்ளைகளில் ஒருவரையும் நிற்க விட்டதில்லை. இந்த மடல் உங்களுக்குக் கிடைக்கும்போது கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும். நீங்கள் பதினான்கு குடும்பங்கள். எல்லோரிடமும் கார் இருக்கிறது. உங்களில் ஒருவராவது அன்று ஆறு மணிக்கு எங்கள் கதவைத் தட்டுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

சரண்யா, ஏழாம் வகுப்பு